முந்தானை விழுவதற்கு முன்

1

கப்பல் தபாலில் வரும் வார இதழ் எங்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தில் விழும்போது அதற்கு நான்கு மாத வயதாகியிருக்கும். தீபாவளிப் பலகாரக் குறிப்பை மாசியில் படித்துப் பழகிவிட்டது. போன வாரம் வந்த இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். உங்களால் மறக்க முடியாத சினிமாக் காட்சி எது, ஏன்? அஞ்சலட்டையில் பத்து வரிக்குள் எழுத வேண்டுமாம். கடைசித் தேதி முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பரிசை யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இருந்தாலும் எழுதுகிறேன். பத்து வரியில் அடங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியருக்கு இஷ்டமிருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் கடலை மடிக்கக் கொடுத்துவிடட்டும்.

பிடித்த காட்சிகள் என்றால் எனக்கும் நாலைந்து உண்டு. ஒரு படத்தில் ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நான்காவதில் ஏறுவான். வசனமே கிடையாது. நர்ஸ் படிப்புக்குப் போன காலத்தில் தோழிகளோடு தூத்துக்குடியில் அதைப் பார்த்தேன். என்னடி இது, வண்டியைப் பிடிக்கத் தெரியாத கதாநாயகன் என்று சிரித்தோம். நான் இந்த நாட்டுக்குக் கிளம்பிய அன்று என்னை ரயிலேற்றிவிட்டு அம்மா நடைமேடையைவிட்டு அசையாமல் நின்றபோது அந்தக் காட்சி புரிந்தது.

இன்னொன்று மழைக் காட்சி. தருவைகுளம் போகிற வழியில் இருந்த கொட்டகையில் பார்த்தது. திரையில் கதாநாயகனும் கதாநாயகியும் நனைந்துகொண்டு ஆடுகிறார்கள். அதே நேரம் எங்கள் தலைக்கு மேலும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, தான் நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், ஏளா காய்ச்சல் வந்துரும், அங்கன மரத்தடியில ஒதுங்குங்களா என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் சினிமா பார்க்கும் லட்சணம் அதுதான். திரையில் இருப்பவர்களை வேறு ஆட்களாக நினைக்கத் தெரியாது.

இவையெல்லாம் பிடித்த காட்சிகள். மறக்க முடியாதது வேறு. அந்தப் படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதில் பாட்டுகள் நன்றாக இருக்குமே என்பீர்கள், பேச்சு அங்கே போய்விடும். அந்தக் காட்சியில் செத்துக் கிடப்பவர் என் அப்பா.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கில், மில் புகைபோக்கிகள் மட்டும் மிச்சமிருக்கிற ஓர் ஊர். நான் முதியவர்கள் வார்டில் நர்ஸ். கணவர் பேருந்துப் பணிமனையில் ஃபிட்டர். மூத்தவள் ஸ்டெல்லாவுக்கு எட்டு வயது. இளையவன் இங்கேயே பிறந்தவன், நான்கு வயது. காலை ஏழரைக்கு நான் வார்டில் இருக்க வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றுவது, மாத்திரை, கழுவித் துடைப்பது, பிறகு யாராவது போய்விட்டால் அவர்களைச் சுத்தம் செய்து, கைகளை நேராக வைத்து, வெள்ளைத் துணியால் முகத்தை மூடுவது. இதில் எல்லாவற்றையும் நான் சுறுசுறுப்பாகச் செய்வேன். கடைசி வேலையில் மட்டும் என் கை ஒரு நொடி நிற்கும். தலைமை நர்ஸ் அதைப் பார்த்திருக்கிறாள். இந்தியர்களுக்கு இதில் ஏதோ மதச் சடங்கு போலும் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் திரும்பிக்கொள்வாள். நானும் திருத்தவில்லை.

பக்கத்து நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய தியேட்டரை மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் செயலாளர் தொலைபேசியில் அடுத்த படத்தின் பெயரைச் சொன்னார். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்ததால் போனை வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லாவிடம், ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவள் ஆங்கிலத்தில், உன் அப்பா நடிகரா என்று கேட்டாள். என் அப்பா, உனக்குத் தாத்தா என்றேன். அதைத்தானே சொன்னேன் என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால் நாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, நான் ஏதோ கசாயம் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளித் தோழியின் பிறந்தநாள் இருக்கிறது, வரமுடியாது என்றாள். இழுத்துக்கொண்டுதான் போனேன்.

தாத்தாவின் போட்டோவைக் காட்டு, அப்போது அடையாளம் தெரியும் என்று கேட்டாள். அங்கேதான் சிக்கல். அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. கோயில் திருநாளுக்கு ஒரு முறை ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த படத்தில் பின்வரிசையில் நின்றார். அவர் இருந்த இடத்தில் முன்னால் நின்றவரின் தலைப்பாகைதான் தெரிகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அப்போது நாலைந்து வருஷமாக எனக்கு அப்பாவின் முகம் வரமாட்டேன் என்றது. குரல் வரும், நடை வரும், பிடரியில் காய்ந்த உப்பு தெரியும். அவரைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் அங்கே ஒன்றுமிருக்காது. பெற்ற அப்பன் முகம் மறந்துபோன மகளுக்கு என்ன மரியாதை?

3

அந்தப் படத்துக்காக மெட்ராசிலிருந்து ஆட்கள் எங்கள் கரைக்கு வந்தபோது நான் ஸ்டெல்லாவைச் சுமந்துகொண்டு பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தேன். எழுபதுகள் பிறந்த புதிது. ஊரே வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கடற்கரையில் கிடந்தது. நான் மட்டும் வீட்டில். அன்றைய காட்சியில் பிணம் வருகிறதாம். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது, அது வேஷப் பிணமானாலும் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். நர்ஸ் படிப்பில் நான் எத்தனை பிணங்களைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போ உன் வயித்துல பிள்ளை இல்ல என்று முடித்துவிட்டாள். ஆகவே இனி நான் சொல்வது அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சொல்லிச் சொல்லி நான் மனதில் பார்த்தது.

கதையில், பெயர்கூட இல்லாத ஒரு மீனவனின் உடல் கரையேற வேண்டும். நான்கு பேர் அலையிலிருந்து தூக்கி வந்து மணலில் கிடத்துவார்கள். பெண்கள் தூரத்திலிருந்து ஓடிவந்து, மணலில் போட்டிருக்கும் ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று அழ வேண்டும். பிணமாக நடிக்க மெட்ராசிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் அவருக்கு இருமல் நிற்கவில்லை. கிடத்தினால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இரண்டு முறை முயன்றுவிட்டு டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா சங்கு குளிப்பவர். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் அதிலும் இறங்கியவர். மூச்சை அடக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர், இதுக்குப் போயா இவ்வளவு பாடு என்று சொல்லியிருக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். இந்த ஆள் மாற்றம் பெண்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. அம்மாவையும் சேர்த்து அவர்களைப் பனங்காட்டு ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கையைக் காட்டியதும் ஓடிவர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குச் சொன்னது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கடலில் போனவன் உடல் ஏறினால், முதலில் போய்ச் சேருகிற பெண் தன் முந்தானையை எடுத்து அவன் முகத்தில் போட்டுவிடுவாள். யார் என்று குனிந்து பார்க்கமாட்டாள். பார்க்கவும் கூடாது. மீன் தொட்ட முகத்தைப் பெண்டாட்டி பிள்ளைகள் கண்டுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. கையையோ காலையோ, அரைஞாண் கயிற்றையோ பார்த்துத்தான் ஆள் யார் என்று சொல்வார்கள்.

கை காட்டினார்கள். பெண்கள் ஓடிவந்தார்கள். கயிற்றின் அருகே வந்தபோது அம்மா அந்தக் கால்களைப் பார்த்துவிட்டாள். சங்கு கிடக்கும் கடலடிப் பாரில் கிழித்து, இடது பெருவிரலில் நகம் போன கால். அதற்குப் பிறகு அவளுக்குக் கயிறும் இல்லை, கேமராவும் இல்லை. கயிற்றைத் தாண்டி ஓடினாள். சூசை என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கத்தினாள். அதுவரை அவர் பெயரை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. வழக்கப்படி முகத்தைப் பார்க்காமல் முந்தானையைப் போட்டு மூடிவிட்டு அவர் காலில் விழுந்தாள். அதைக் கண்ட மற்றப் பெண்கள், நிஜமாகவே ஏதோ நடந்துவிட்டது என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். டைரக்டர் நிறுத்தச் சொல்லவில்லை.

துணிக்கடியிலிருந்து அப்பா எழுந்தபோது அம்மா அவர் கன்னத்தில் அறைந்ததாகச் சொல்வார்கள். அம்மா அதை ஒத்துக்கொண்டதில்லை.

முகம் தெரிய வேண்டுமென்று இரண்டாம் முறையும் எடுத்தார்கள். அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்பா முகம் திறந்து கிடந்தார். ஆனால் இந்த முறை ஒரு பெண்ணுக்கும் அழுகை வரவில்லை. யாரோ ஒருத்தி சிரித்துத் தொலைத்தாள். படத்தில் சேர்த்தது முதல் முறை எடுத்ததைத்தான்.

மத்தியானம் அப்பா சொட்டச் சொட்டக் குசினி வாசலில் வந்து நின்றார். “ஏளா, செத்துட்டு வாரேன். காப்பி இருந்தா குடு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு அதுவே வீட்டில் கேலியாகிவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்தால், என்னைய மூடினவ கையில உப்பு எங்கன நிக்கும் என்பார். அம்மா அகப்பையை ஓங்குவாள்.

4

ஸ்டெல்லா பிறந்து எட்டாம் மாதம், சங்குக்குப் போன வள்ளம் திரும்பும்போது காற்றில் கவிழ்ந்தது. ஆறு பேரில் நான்கு பேரை வேறு வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். அப்பாவும் இன்னொருவரும் கிடைக்கவில்லை. அம்மா ஒன்பது நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வடக்கேயும் தெற்கேயும் ஆள் அனுப்பிக் கேட்டோம். எந்த ஊரிலும் எதுவும் ஏறவில்லை. இரண்டு நிமிஷம் மூச்சை அடக்கத் தெரிந்த மனிதரைக் கடல் எப்படிக் கொண்டுபோனது என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான்.

படம் அதற்குப் பிறகுதான் வெளியாயிற்று. தூத்துக்குடியில் முதல் வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். போகக் கூடாது என்றார்கள் உறவுக்காரர்கள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்தக் காட்சி மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கலாம். தூக்கி வரும்போது ஆட்களின் முதுகு மறைக்கும். கிடத்தும்போது கேமரா நெருங்கும். முகம் இதோ வந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் பக்கவாட்டிலிருந்து அம்மாவின் முந்தானை விழுந்துவிடும். பிறகு தெரிவது கால்கள்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் தானே அழுவதை அழாமல் பார்த்தாள். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள். “உசுரோட இருந்தவர நான்தான் மூடி அனுப்பிட்டேன்.”

அதிலிருந்து அவளை அசைக்க முடியவில்லை. பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார், கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் சொல்லிப் பார்த்தார். நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தும். அம்மாவுக்குக் கொளுத்த இடமில்லை. அடுத்தவர் கல்லறையில் வைக்கச் சம்மதிக்கவுமில்லை. படம் கொட்டகைகளுக்கு வந்தபோது அவள் பின்னாலேயே போனாள். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் அந்தக் காட்சி வந்ததும் ஒன்ஸ்மோர் கேட்பார்கள். திரையில் இருந்தவர்களெல்லாம் ஊர்க்காரர்கள் அல்லவா? ஆபரேட்டர் சுருளைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓட்டுவார். ஒரே காட்சியில் அப்பா மூன்று முறை கரையேறுவார், அம்மா மூன்று முறை மூடுவாள். நான் ஏழு தடவை பார்த்திருக்கிறேன். அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்று தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு வயதானபோது நாங்கள் இங்கே வந்துவிட்டோம். வந்த இரண்டாம் வருஷம் அந்தப் படக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டாம் முறை எடுத்த துண்டு, படத்தில் சேர்க்காதது, எங்கேயாவது கிடந்தால் அதில் என் அப்பாவின் முகம் இருக்கிறது என்று. நான்கு கடிதத்துக்குப் பிறகு ஒரு மேனேஜர் பதில் போட்டார். வேண்டாத பிலிமையெல்லாம் அதிலிருந்து வெள்ளி எடுப்பவர்களிடம் எடைக்குப் போட்டுவிடுவது வழக்கமாம். வருத்தம் தெரிவித்திருந்தார். மரியாதையான மனிதர்தான்.

5

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள மூன்று வருஷமாக அலைகிறேன். இந்த நாட்டுப் படிவத்தில் கணவர் என்ற இடத்தில் உயிரோடு இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டே கட்டங்கள். காணாமல் போனவருக்குக் கட்டம் கிடையாது. இறந்துவிட்டார் என்றால் சான்றிதழ் வேண்டும். உடல் இல்லாததால் ஊரில் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஏழு வருஷம் ஆகட்டும் என்றார்கள். ஆயிற்று. இப்போது, என் கணவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்கக் கோரி அம்மா மனுவில் கைநாட்டு வைக்க வேண்டும். வக்கீல் மனுவைத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அம்மா வைக்கமாட்டேன் என்று நின்றாள்.

அவளுக்கு எழுதத் தெரியாது. உபதேசியாரின் மனைவி அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புவார். போன வருஷம் வந்த கடிதம் என் அலமாரியில் இருக்கிறது. “ஒரு தடவ மூடினேன், போயிட்டாரு. இப்போ தாள்ல கைநாட்டு வச்சு இன்னொரு தடவ மூடச் சொல்லுதியா? நான் வரல. இங்கனயே கெடந்துட்டுப் போறேன்.” அவளுக்கு இரண்டு கண்ணிலும் திரை விழுகிறது. தனியாகச் சமைக்கிறாள். தங்கச்சியோ தம்பியோ எனக்கு இல்லை. வார்டில் நான் இருபத்திரண்டு கிழவிகளுக்கு வாய் துடைத்துவிடுகிறேன், என் தாய்க்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இதை நினைத்துக்கொண்டு பேருந்தில் அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அதுதான் இங்கே நாகரிகம்.

6

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் நூறு பேர் இருப்போம். கோட்டோடு உட்கார்ந்திருந்தோம், அவ்வளவு குளிர். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட்டைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். திரை முழுக்கக் கோடுகள். ஸ்டெல்லா கொட்டாவி விட்டாள். கணவர் இளையவனை மடியில் தூங்கவைத்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு எங்கள் கரை வந்தது. பனங்காடு, மணல், அலை. இதோ, இதோ என்று ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன். நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கிடத்துகிறார்கள். கேமரா நெருங்குகிறது.

திரை வெள்ளையாகிவிட்டது. பிலிம் அறுந்துவிட்டது.

கூட்டம் விசில் அடித்தது. நான் எழுந்து, படியேறி, ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கம்பளிச் சட்டைக்கு மேல் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அறுந்த முனைகளைக் கையில் வைத்திருந்தார். இங்கே யாரும் வரக் கூடாது என்றார். வெளியே போய்விடுகிறேன், அந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள், அதில் இருப்பது என் அப்பா என்றேன். அவர் கையிலிருந்த முனைகளை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். இந்த இடத்தில் மட்டும் எட்டு பத்து ஒட்டு இருக்கிறது, உங்கள் நாட்டில் இந்த இடத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்ன செய்தார்கள் என்று. ஒன்ஸ்மோர் கேட்டே தேய்த்துவிட்டார்கள்.

கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட முடியும் என்று சொல்லி, கத்தரியால் ஒரு துண்டை நறுக்கி மேசையில் போட்டார். அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். குப்பைக்குப் போவதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தேன். ஏழு படங்கள். முதல் படத்தின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. அடுத்ததில் அது கொஞ்சம் பெரிதாக. அம்மாவின் முந்தானை. ஒவ்வொரு படத்திலும் ஒரு நூலளவு இறங்குகிறது. ஏழாவதில்தான் முகத்தைத் தொடுகிறது.

திரையில் ஓடும்போது கண்ணில் படாமல் போய்விடுகிற நேரம் அது. ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம் ஓடும் என்றார் கிழவர். ஏழென்றால் கண் சிமிட்டுகிற நேரம். அந்த நேரத்துக்குள் என் அப்பாவின் முகம் முழுதாக, நகத்தளவில் இருந்தது. நெற்றி, மூக்கு, மேலுதட்டில் இருந்த தழும்பு. தழும்பை நான் மறந்தே போயிருந்தேன்.

முதல் மூன்று படங்களில் கண் மூடியிருந்தது. நான்காவதிலிருந்து திறந்திருந்தது. செத்தவராகக் கிடக்க வேண்டியவர், அம்மா பெயர் சொல்லிக் கத்தியதைக் கேட்டுக் கண்ணைத் திறந்துவிட்டார். விழி பக்கவாட்டில் திரும்பி, துணி வருகிற பக்கம், அம்மாவைப் பார்க்கிறது. டைரக்டரோ படத்தை வெட்டி ஒட்டியவரோ யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஸ்டெல்லாவை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தமிழிலேயே, “தாத்தா சாகலை. பாட்டியைப் பாக்கிறாங்க” என்றாள்.

7

அன்றைக்கே அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். நீ மூடியது பிணத்தை அல்ல, சாபமும் அல்ல. நீ கூப்பிட்ட குரலுக்கு அவர் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தார். என்னிடம் படம் இருக்கிறது. இனிமேலாவது மனதை ஆற்றிக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்துவிடு. நல்ல செய்தி சொல்கிறோம் என்ற மிதப்பில் எழுதினேன். பதில் வரும்வரை வேலைக்குப் போகுமுன் அந்தத் துண்டை ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். முகம் திரும்பி வந்துவிட்டது. கண்ணை மூடினாலும் வந்தது.

பதில் ஐந்தாம் வாரம் வந்தது. உபதேசியாரின் மனைவியின் குண்டு குண்டான எழுத்து.

“நீ எழுதுனத ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவரு என்னையப் பாத்திருக்காரு. நான் குனிஞ்சு பாக்கல. பாத்திருந்தா ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருக்கும், மூடியிருக்க மாட்டேன். அது இனி ஆவாது. அந்தத் துண்ட எனக்கு அனுப்பிரு. கரையேறுன அவரு ஒடம்பு அது ஒண்ணுதான். சாமியாருட்ட கேட்டேன், மொதல்ல சிரிச்சாரு, பொறவு சரின்னுட்டாரு. கல்லறைத் தோட்டத்துல ஒரு சாண் எடம் போதும்னேன். வெளிய தெரியாம ஒரு துணியில சுத்தித் தச்சு அனுப்பு. நான் பாக்க மாட்டேன். கண்ணு மங்குனதுனால சொல்லல. கண்ணத் தொறந்திருக்கவரப் பாத்துட்டா பொதைக்க எனக்கு மனசு வராது. பொதைச்ச மறுநாளு நீ கேட்ட தாள்ல கைநாட்டு வைக்கேன்.”

கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, ஏழு படம் இருக்கிறதே, ஒன்றை வெட்டி வைத்துக்கொள், அத்தைக்கு எப்படித் தெரியும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவர் சொன்ன பிறகு இரண்டு நாள் கத்தரியும் துண்டும் குசினி மேசையில் கிடந்தன. ஒன்று போதும் எனக்கு. ஐந்தாவது போதும், அதில்தான் கண் நன்றாகத் தெரிகிறது. இதில் ஒன்று எடுத்தால் அம்மா புதைப்பது முழு உடம்பு ஆகுமா என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாளும் வார்டுக்குப் போய்வந்தேன். வெட்டவில்லை.

கடையில் எடுத்துக் காப்பி போட முடியுமா என்றும் விசாரித்தேன். முடியும், நெகட்டிவ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெரிதாக்கக்கூட முடியும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அம்மா பார்க்காமல் புதைக்கிற முகத்தை நான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு, அவள் இங்கே வந்து இறங்குகிற அன்று அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதா? மாட்டாமல் ஒளித்து வைக்கவும் எனக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்த ஸ்டெல்லாவும் நானும் ஜன்னலோரம் நின்று கடைசியாக ஒரு தடவை பார்த்தோம். வெளிச்சம் குறைவாக இருந்தது. பிறகு துணியில் சுற்றி நான்கு பக்கமும் தைத்தேன். ஸ்டெல்லா ஊசி கோத்துக் கொடுத்தாள்.

மறுநாள் தபாலாபீசில் பதிவுத் தபாலுக்கு ஒரு பச்சைச் சீட்டு நிரப்பச் சொன்னார்கள். உள்ளே இருப்பது என்ன என்று ஒரு கட்டம். போட்டோ என்று எழுதினேன். அடுத்தது மதிப்பு. பேனாவை வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போடுங்கள், அப்போதுதான் சுங்கத்தில் பிரித்துப் பார்க்காமல் விடுவார்கள் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். ஒன்றுமில்லை என்று போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.